பார்க்காமலே படித்த கலை வரலாறு

கலை வரலாற்றுப் புத்தகம் ஒன்றைப் புரட்டினால் மோனலிசா ஒரு பாதிப் பக்கத்தில் இருப்பாள். சில பக்கங்கள் தள்ளிப் போனால் பிக்காசோவின் 'குவெர்னிக்கா'வும் அதே பாதிப் பக்கத்தில்தான் இருக்கும். உண்மையில் மோனலிசாவின் உயரம் வெறும் 77 சென்டிமீட்டர். குவெர்னிக்காவின் அகலம் 7.77 மீட்டர். ஒன்றைக் கையில் தூக்கிக்கொண்டு போய்விடலாம். மற்றொன்று வகுப்பறையின் ஒரு சுவரையே அடைத்துக்கொள்ளும். ஆனால் புத்தகத்தில் படித்துப் பரீட்சை எழுதும் மாணவருக்கு இரண்டும் ஒரே அளவுதான்!

அப்படியானால் மூலப் படைப்பைப் பார்க்காமல் கலை வரலாறு படிப்பதில் அர்த்தம் இருக்கிறதா? பாரிஸுக்கும் ரோமுக்கும் விமானம் ஏற வசதி உள்ளவர்களுக்கு மட்டுமான படிப்பா இது? கலை வரலாறு படிக்கும் மாணவர்கள் பலருக்கும் ஒரு கட்டத்தில் இந்தச் சந்தேகம் வரும். இதற்கு விடை தேடிப் போனால் ஒரு வேடிக்கை தெரிகிறது. இந்தப் படிப்பை உருவாக்கியவர்களே சில முக்கியமான விஷயங்களை நேரில் பார்க்காமல் எழுதியவர்கள்தான்.

செருப்புத் தைப்பவரின் மகன்

கலை வரலாற்றின் தந்தை என்று பலரும் குறிப்பிடுவது யோஹான் யோவாகிம் விங்கெல்மன் என்ற ஜெர்மானியரை. 1717இல் ஸ்டெண்டால் என்ற ஊரில் செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். வறுமையில் படித்து, பள்ளி ஆசிரியராகவும் பிறகு ஒரு பிரபுவின் நூலகத்திலும் வேலை பார்த்தார். கிரேக்கக் கலையைப் பற்றிய அவருடைய முதல் கட்டுரை நூல் 1755இல் வெளிவந்தது. அதில் 'லாவோகூன்' சிலையை அவர் புகழ்ந்து எழுதிய பகுதி ஐரோப்பா முழுக்கப் பேசப்பட்டது. ட்ராய் நகரத்துப் பூசாரியையும் அவருடைய இரண்டு மகன்களையும் பாம்புகள் சுற்றி வளைத்துக் கொல்லும் காட்சி அது. 1506இல் ரோமில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தது.

இதை எழுதியபோது விங்கெல்மன் ரோமுக்குப் போனதே இல்லை. நூல் வெளிவந்த பிறகுதான், அதே ஆண்டின் இறுதியில் அங்கு போய்ச் சேர்ந்தார். 1764இல் பண்டைய கலையின் வரலாற்றைப் பெரிய நூலாக எழுதினார். அதற்கு முன்பு கலைஞர்களின் வாழ்க்கைக் கதைகளை எழுதியவர்கள் உண்டு. ஒரு கலைப் பாணி எப்படிப் பிறக்கிறது, வளர்கிறது, தேய்கிறது என்று காலவரிசையில் அடுக்கிக் காட்டியதுதான் இவர் செய்த புதுமை. ஆனால் கிரேக்கக் கலையின் வரலாற்றை எழுதிய அவர் கடைசி வரை கிரேக்க நாட்டில் கால் வைக்கவில்லை. 1768இல் திரியெஸ்தே நகரில் ஒரு விடுதியில் கொலை செய்யப்பட்டார். ரோமில் அவர் கிரேக்கச் சிலைகள் என்று பார்த்து வியந்தவற்றில் பல, கிரேக்க மூலங்களைப் பார்த்து ரோமானியர் காலத்தில் செய்த நகல்கள் என்று பிற்கால ஆய்வுகள் கூறின.

லாவோகூனைப் பற்றிய இன்னொரு புகழ்பெற்ற நூலை லெஸ்ஸிங் 1766இல் எழுதினார். அவரும் அப்போது இத்தாலியைப் பார்த்திருக்கவில்லை.

சரி, நேரில் பார்த்திருந்தால் மட்டும் எல்லாம் சரியாகத் தெரிந்திருக்குமா? அதுவும் இல்லை. சிலை கிடைத்தபோது லாவோகூனின் வலது கை இல்லை. பின்னால் வந்த சிற்பிகள் வானை நோக்கி நீட்டிய ஒரு கையைச் செய்து பொருத்தினார்கள். 1906இல் உண்மையான கை ரோமிலேயே கண்டெடுக்கப்பட்டது. அது நீட்டிய கை அல்ல, தலைக்குப் பின்னால் மடங்கிய கை! அதைச் சிலையோடு சேர்ப்பதற்கு மேலும் அரை நூற்றாண்டு ஆனது. அதுவரை மூலச் சிலைக்கு முன்னால் நின்றவர்களும் ஒரு தவறான கையைத்தான் ரசித்துக்கொண்டிருந்தார்கள்.

நிறத்தின் கதையும் இப்படித்தான். கிரேக்கச் சிற்பம் என்றாலே வெள்ளைப் பளிங்கு என்ற எண்ணம் விங்கெல்மனுக்குப் பிறகு ஐரோப்பாவில் ஆழமாக வேரூன்றியது. உண்மையில் அந்தச் சிலைகளுக்கு வண்ணம் பூசப்பட்டிருந்தது. மண்ணுக்குள் கிடந்து வண்ணம் போனதால்தான் அவை வெள்ளையாகத் தெரிந்தன. எஞ்சியிருந்த வண்ணத் துகள்களை ஆராய்ந்து, பளிச்சென்ற நிறங்களோடு மறுபடி செய்த மாதிரிகளை 2003இல் மியூனிக்கில் கண்காட்சியாக வைத்தபோது, பழைய வெள்ளைச் சிலைகளுக்குப் பழகியிருந்த கண்களுக்கு அது பெரிய அதிர்ச்சி.

லண்டனில் ஒரு ரோமானியத் தூண்

19ஆம் நூற்றாண்டில் மாணவர்களுக்காக ஒரு வழி கண்டுபிடித்தார்கள். எல்லோராலும் இத்தாலிக்குப் போக முடியாது. அதனால் இத்தாலியை மாவுக்கல் வார்ப்பாகக் கொண்டுவந்துவிடலாம்! 1867இல் பாரிஸில் ஐரோப்பிய இளவரசர்கள் பலர் சேர்ந்து, ஒவ்வொரு நாட்டின் கலைப் பொருள்களுக்கும் நகல் எடுத்துப் பரிமாறிக்கொள்வதற்கு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். லண்டனில் தெற்குக் கென்சிங்டன் அருங்காட்சியகத்தில் (இன்றைய விக்டோரியா - ஆல்பர்ட் அருங்காட்சியகம்) இந்த வார்ப்புகளுக்கென்றே பெரிய கூடங்கள் 1873இல் திறக்கப்பட்டன.

அங்கே மைக்கேலாஞ்சலோவின் டேவிட் ஐந்து மீட்டருக்கு மேல் உயரமாக நிற்கிறான். ரோமின் திராயன் தூணும் இருக்கிறது. முழு உயரத்துக்குக் கூரை இடம் கொடுக்காததால் இரண்டு துண்டாக நிறுத்தியிருக்கிறார்கள்.

20ஆம் நூற்றாண்டில் இத்தகைய வார்ப்புகளுக்கு மதிப்புக் குறைந்தது. நகல்தானே என்று பல அருங்காட்சியகங்கள் இவற்றை ஓரங்கட்டின. ஆனால் காலம் இங்கேயும் ஒரு வேலை செய்தது. திராயன் தூணின் வார்ப்புகள் 1860களில் எடுக்கப்பட்டவை. அதற்குப் பிறகு வெயில், மழை, வாகனப் புகை எல்லாம் சேர்ந்து ரோமில் உள்ள மூலத் தூணை அரித்துவிட்டன. அங்கே மங்கிப்போன சில நுணுக்கங்களை இன்று லண்டன் நகலில்தான் பார்க்க முடிகிறது.

திரையில் இரண்டு படங்கள்

அடுத்து வந்தது புகைப்பட ஸ்லைடு. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஹைன்ரிக் வோல்ஃப்லின் என்ற பேராசிரியர் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் திரையிட்டுப் பாடம் நடத்தியதற்குப் பேர்போனவர். ஒரு பக்கம் மறுமலர்ச்சிக் கால ஓவியம், இன்னொரு பக்கம் பரோக் ஓவியம். வேறுபாட்டை மாணவர்களே கண்ணால் கண்டுபிடிக்க வேண்டும். இப்படி ஒப்பிடும் முறையைத் தன்னுடைய 1915ஆம் ஆண்டு நூலில் ஐந்து ஜோடிக் கருத்துகளாக அவர் வகுத்தார். உலகெங்கும் கலை வரலாற்று வகுப்புகளில் "இரண்டு படங்களையும் ஒப்பிடுக" என்று கேள்வி வருவதற்குப் பின்னால் இந்த முறை இருக்கிறது.

யோசித்துப் பார்த்தால், எந்தக் கேலரியிலும் இப்படிப் பார்க்க முடியாது. ஒரு ஓவியம் மியூனிக்கில் இருக்கும், மற்றொன்று மாட்ரிடில் இருக்கும். நகல் இருந்ததால்தான் இந்தப் படிப்பு முறையே சாத்தியமானது. ஆனால் அதற்கு ஒரு விலையும் உண்டு. திரையில் எல்லாமே ஒரே அளவு, ஒரே வழவழப்பு. கோடாக் நிறுவனம் 2004இல் ஸ்லைடு புரொஜெக்டர் தயாரிப்பதை நிறுத்தியது. 2011இல் 17 அருங்காட்சியகங்களோடு கூகுளின் கலைத் திட்டம் தொடங்கியது. இப்போது தூரிகையின் கீற்று வரை பெரிதாக்கிப் பார்க்கலாம். ஆனாலும் படம் எவ்வளவு பெரியது என்ற உணர்வு கணினித் திரையில் வருவதில்லை.

ரோடினும் திருவாலங்காடும்

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் திருவாலங்காட்டு நடராசர் இருக்கிறார். சோழர் காலத்துச் செப்புத் திருமேனி. உயரம் ஒரு மீட்டரைச் சற்றுத் தாண்டும். 'சிந்தனையாளன்' சிலையைச் செய்த பிரெஞ்சுச் சிற்பி ரோடின் இந்த நடராசரைப் பற்றி மனம் உருகி ஒரு கட்டுரை எழுதினார். அவர் 1917இல் இறந்துவிட, கட்டுரை 1921இல் பாரிஸில் வெளிவந்த நூலில் இடம்பெற்றது. கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசாமியின் எழுத்தும் அதே நூலில் இருக்கிறது.

ரோடின் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. அவருக்குக் கிடைத்தவை புகைப்படங்கள் மட்டுமே. ஆனால் அவர் அவற்றைப் பார்த்த விதம் வேறு. வாழ்நாள் முழுக்கக் களிமண்ணைப் பிசைந்த கை அது. தட்டையான காகிதத்தில் கூட, உடம்பின் எடை எந்தக் காலில் இறங்குகிறது, தோளிலிருந்து கை எப்படிக் கிளம்புகிறது என்று அவரால் படிக்க முடிந்தது.

அவருக்குத் தெரிந்திருக்க முடியாதது ஒன்று உண்டு. இந்த மாதிரித் திருமேனிகள் கோயிலில் இப்படி வெறுமனே நிற்பதில்லை. அபிஷேகம், பட்டு, பூமாலை, தீபாராதனை, பிறகு தோளில் சுமந்து வீதியுலா. கண்ணாடிக்குப் பின்னால் விளக்கு வெளிச்சத்தில் நிற்கும்போது உடலின் வளைவு முழுதாகத் தெரிகிறது, அவர் இருந்த இடம் தெரிவதில்லை. கோயிலில் இடம் தெரியும், பட்டு மறைக்கும்.

இதே சிக்கல் பாரிஸிலும் இருக்கிறது. லூவர் அருங்காட்சியகத்தில் மோனலிசாவுக்கு எதிர்ச் சுவரில் வெரோனெசே வரைந்த 'கானாவூர்த் திருமணம்' தொங்குகிறது. கிட்டத்தட்ட பத்து மீட்டர் அகலம். வெனிஸில் ஒரு மடத்தின் உணவுக்கூடத்துக்காக வரையப்பட்ட விருந்துக் காட்சி அது. 1797இல் நெப்போலியனின் படைகள் எடுத்துக்கொண்டு போய்விட்டன. 2007இல் அதற்குத் துல்லியமான டிஜிட்டல் நகல் ஒன்று செய்து வெனிஸில் அதே உணவுக்கூடத்தில் மாட்டினார்கள். இப்போது மூலம் இடம் மாறி இருக்கிறது, நகல் சரியான இடத்தில் இருக்கிறது!

ஆக, படத்தைப் பார்த்துப் படிப்பதைப் பற்றித் தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை. விங்கெல்மனும் ரோடினும் அப்படித்தான் தொடங்கினார்கள். ஆனால் எந்தப் படமும் எதையோ மறைக்கிறது என்பதை மறக்கக் கூடாது. எவ்வளவு பெரியது, பின்பக்கம் எப்படி இருக்கும், முதலில் என்ன நிறம், எங்கே இருந்தது, யார் எதற்காகச் செய்தார்கள்... இந்த ஐந்து கேள்விகளையும் எழுதி வைத்துக்கொண்டு படித்தால் புத்தகமே பாதிக் கேலரி. அதே கேள்விகளோடு கேலரிக்குப் போனால், ஒவ்வொரு படைப்புக்கும் அரை நிமிடம் என்று ஓட மனம் வராது.

அதற்குப் பாரிஸ்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. ரோடின் புகைப்படத்தில் மட்டும் பார்த்த நடராசர், சென்னை மாணவர்களுக்கு எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து சிறிது தூரத்திலேயே இருக்கிறார்.