மேகத்தில் அலுவலகம், சாவி யாரிடம்?

நம் சங்கத்தின் பராமரிப்புக் கட்டணக் கணக்கு, தண்ணீர் லாரிப் பதிவு, கார்த்திகை தீபத்துக்கு வரும் உறவினர்களின் வண்டிப் பட்டியல் எல்லாமே இப்போது கிளவுடில் இருக்கின்றன. அலுவலகம் இப்படி மேசையை விட்டு இணையத்துக்குப் போன கதையில் நம் தமிழ்நாட்டுக்கும் நல்ல பங்குண்டு.

1996-ல் ஸ்ரீதர் வேம்பு, அவருடைய சகோதரர்கள், டோனி தாமஸ் ஆகியோர் அட்வென்ட்நெட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கான நெட்வொர்க் மென்பொருள்தான் தொழில். எழுதும் வேலை பெரும்பாலும் சென்னையில். 2001-ல் டாட்காம் சரிவு வந்ததும் வாடிக்கையாளர்கள் குறைந்தார்கள், வேறு வழி தேட வேண்டியதாயிற்று. அப்படிப் பிறந்ததுதான் 2005-ல் வெளிவந்த ஸோஹோ ரைட்டர். பிரவுசரிலேயே கடிதம் எழுதலாம் என்பது அன்று புதுமை. மறு ஆண்டு கூகுள் இதே வகையான ரைட்லியை விலைக்கு வாங்கியது. 2009-ல் நிறுவனமே ஸோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2011-ல் தென்காசிப் பக்கம் அலுவலகம் திறந்தது. மைக்ரோசாஃப்ட்டின் ஆபீஸ் 365 வந்ததும் அதே 2011-ல்தான்.

கோப்புகளுக்குப் பின்னாலேயே ஸ்கிரிப்ட்டும் கிளவுடுக்கு வந்தது. முன்பு எக்செல் மேக்ரோ ஒருவருடைய கணினியில் இருக்கும். அவர் விடுப்பு எடுத்தால் அதுவும் விடுப்பு. ஸோஹோவில் டெலூஜ், கூகுளில் 2009-ல் வந்த ஆப்ஸ் ஸ்கிரிப்ட், மைக்ரோசாஃப்ட்டில் பவர்ஷெல் என்று ஆளுக்கொரு மொழி. ஆயிரம் பேருக்கு மின்னஞ்சல் கணக்கு திறப்பதும் மூடுவதும் சில வரிகளில் முடிந்தது. அந்த வரிகளை ஓட்டும் உரிமை உள்ளவர் அட்மின். பழைய ஆபீஸில் பீரோச் சாவி வைத்திருந்த ஹெட் கிளார்க்கைவிட இவருக்கு அதிகாரம் அதிகம் என்பது என் கருத்து.

ஆனால் அந்த அட்மினுக்கும் மேலே ஒரு சாவி உண்டு. 2018 செப்டம்பர் 24-ம் தேதி ஸோஹோ டாட் காம் என்ற முகவரியே திடீரென்று முடங்கியது. சர்வர்கள் நன்றாகவே ஓடின, கோப்புகளுக்கும் சேதமில்லை. ஸோஹோ மின்னஞ்சலைச் சிலர் மோசடிக்குப் பயன்படுத்தினார்கள் என்ற புகார்களின் பேரில், முகவரியைப் பதிவு செய்து தந்த அமெரிக்க நிறுவனம் அதை நிறுத்திவிட்டது. உலகெங்கும் வாடிக்கையாளர்கள் வேலை நின்று தவித்தார்கள். ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் பகிரங்கமாக உதவி கேட்க வேண்டியதாயிற்று. அன்றே முகவரி மீண்டது. பிறகு அதன் பதிவை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். அண்ணாமலையார் கோயில் கல்வெட்டுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை, திருத்துவதுதான் சிரமம்!

நம் கதைக்கு வருவோம். மாதம் 5-ம் தேதி உங்களுக்கு வரும் கட்டண நினைவூட்டலை அனுப்புவது ஒரு ஆப்ஸ் ஸ்கிரிப்ட். அதற்கு நேரம் குறித்து வைத்தவரின் கணக்கில்தான் அது ஓடும். அந்தக் கணக்கை நீக்கினால் நினைவூட்டலும் நின்றுவிடும். இப்போது அது முன்னாள் செயலாளர் ஒருவரின் சொந்தக் கணக்கில் இருக்கிறது. அவர் அடுத்த மாதம் மகனுடன் பெங்களூருவில் குடியேறுகிறார். அதற்குள் எல்லாவற்றையும் சங்கத்தின் பெயரில் உள்ள கணக்குக்கு மாற்றி, அட்மின் உரிமையை இரண்டு பேரிடம் கொடுக்க வேண்டும். அந்த இருவர் யார் என்பது வரும் பொதுக்குழுவில் மூன்றாவது பொருளாக வருகிறது.