சுவீடன் நாட்டுக் கணப்படுப்பு

சூரியன் சில நாழிகையே தலைகாட்டி மறைகின்ற நெடிய பனிக்காலத்தையுடைய சுவீடன் தேசத்தில், வீட்டிற்கு வெப்பமூட்டும் அக்கினி சுகசாதனமன்று, ஜீவாதாரமே ஆகும். எனினும் பதினெட்டாம் நூற்றாண்டின் மத்திய பாகம் வரை அங்கே பெரிதும் வழங்கிவந்த திறந்த கணப்படுப்போ, எரிந்த விறகின் உஷ்ணத்தில் பெரும்பகுதியைப் புகைபோக்கி வழியே ஆகாயத்திற்குத் தானம் செய்துவிட்டு, எதிரே அமர்ந்தவனின் முகத்தைச் சுட்டு முதுகைக் குளிரவிடும் இயல்பினதாயிருந்தது.

இரும்பு உருக்கும் தொழில் விருத்தியடைந்து, அதற்கு வேண்டிய மரக்கரிக்காகக் காடுகள் வெட்டப்பட்டு வந்தமையால், விறகுப் பஞ்சம் நேருமோ என்று அஞ்சிய அரசாங்கம், சிக்கனமான அடுப்பொன்றை வகுக்கும் பொறுப்பைக் கார்ல் யோஹான் குரோன்ஸ்டெட் என்னும் கட்டடக்கலை நிபுணரிடமும் பாபியன் விரேடே என்னும் ராணுவ அதிகாரியிடமும் ஒப்புவிக்க, 1767-ஆம் ஆண்டில் அவர்களது புதிய அமைப்பு வெளிவந்தது. அதனுள்ளே புகையானது நேரே மேலேறிவிடாமல், செங்கல்லாலான வழிகளில் ஏறியும் இறங்கியும் சஞ்சரித்து, தன் வெப்பத்தைச் சுவர்களுக்கு அளித்த பின்னரே வெளியேறும். தணல் அடங்கியதும் புகைவழித் தகட்டை மூடிவிட்டால், சூடேறிய செங்கற்கள் பல மணி நேரம் அறையை இளஞ்சூட்டில் வைத்திருக்கும். தினம் ஓரிரு முறை விறகிட்டாலே போதுமாயிற்று. ஆனால் தணல் முற்றும் அடங்குமுன் மூடினால் விஷவாயு பரவி உயிருக்கே அபாயமாதலால், அதனை ஆள்வதற்கு நிதானமும் வேண்டியிருந்தது.

ஆதியில் செல்வர் மாளிகைகளில், ரோர்ஸ்ட்ராண்ட் முதலிய தொழிற்சாலைகளின் சித்திர ஓடுகள் பதித்து அலங்காரமாக நின்ற இவ்வடுப்பு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓடுகளின் உற்பத்தி பெருகியமையால் நகரத்துச் சாதாரணக் குடும்பங்களையும் எட்டியது. இருபதாம் நூற்றாண்டில் கொதிகலத்து வெந்நீரைக் குழாய்களில் செலுத்தி வீடு முழுவதையும் வெப்பமாக்கும் முறை பரவவே, இதன் செல்வாக்குக் குன்றியது. ஆயினும் 1973-இல் கொதிகலங்களுக்கு வேண்டிய எண்ணெயின் விலை ஏறியபின், விறகின் சிக்கனத்தை ஜனங்கள் மீண்டும் கருதலாயினர்.