வெட்டுப்புள்ளிக்கு மாவட்டம் உண்டு, மைதானத்துக்கு இல்லை: விளையாட்டுத் திறன்வழிப் பல்கலைக்கழக அனுமதியும் கிரான் மாணவரும்

1. பிரச்சினை

கொழும்பு மாணவரும் மட்டக்களப்பு மாணவரும் ஒரே வினாத்தாளுக்கு விடை எழுதினாலும், ஒரே வசதியிலிருந்து எழுதுவதில்லை. இலங்கையின் பல்கலைக்கழக அனுமதி முறை இந்த உண்மையை 1974ஆம் ஆண்டின் மாவட்ட ஒதுக்கீட்டோடு ஏற்றுக்கொண்டது. அதற்குச் சற்று முன் வந்த மொழிவழித் தரப்படுத்தல் தமிழ் மாணவருக்கு இழைத்த அநீதி மறக்கத்தக்கதன்று. ஆயினும் மாவட்ட ஒதுக்கீடு மட்டக்களப்பு போன்ற மாவட்டங்களுக்கு ஒரு வாசலைத் திறந்துவிட்டது என்பதும் வரலாறுதான். பரீட்சைப் புள்ளிக்கு ஏற்றுக்கொண்ட இந்த உண்மையை விளையாட்டுத் திறனுக்கு மட்டும் அரசு இன்றுவரை மறுத்துவருகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். கோறளைப்பற்று தெற்குப் பிரதேச செயலகப் பிரிவின் மையமான கிரானை முன்னிறுத்தி இவ்வாதம் வைக்கப்படுகிறது.

2. இரு விதிகள், இரு நியாயங்கள்

க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் 2001 முதல் இசட் புள்ளி முறை நடைமுறையில் உள்ளது. கலைத்துறை போன்ற சில கற்கைநெறிகள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் நிரப்பப்படுகின்றன. மற்றவற்றில் 40 விழுக்காடு அகில இலங்கைத் திறமைக்கும், 55 விழுக்காடு மாவட்டங்களின் சனத்தொகை விகிதத்துக்கும், 5 விழுக்காடு கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் செல்கின்றன. மட்டக்களப்பு அந்தப் பதினாறில் ஒன்று.

இவற்றுக்குப் புறம்பாக, விளையாட்டு, கலை முதலிய துறைகளில் சிறந்தோருக்கெனப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒரு சிறப்பு ஏற்பாட்டை வைத்திருக்கிறது. அதன் உச்ச வரம்பு 0.5 விழுக்காடு. தேசிய மட்டத்திலோ சர்வதேச மட்டத்திலோ பெற்ற சாதனையே அதற்கான தகுதி. மாவட்ட விகிதமோ பின்தங்கிய மாவட்டம் என்ற கருத்தோ இங்கு கிடையாது. பௌதிகவியல் ஆய்வுகூடம் இல்லாத பாடசாலைக்கு ஈடு செய்யும் அதே அரசு, ஓடுபாதை இல்லாத பாடசாலைக்கு ஈடு செய்வதில்லை.

அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஆண்டு அனுமதி 40,000 என்று கொண்டால் 0.5 விழுக்காடு என்பது 200 இடங்கள். விளையாட்டு, கலை எல்லாவற்றுக்குமான உச்ச அளவு அது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி மட்டக்களப்பு மாவட்டத்தில் சுமார் 525,000 பேர். நாட்டின் சனத்தொகையில் இது ஏறத்தாழ 2.6 விழுக்காடு. அந்த 200இல் 55 விழுக்காட்டை மாவட்ட விகிதப்படி பகிர்ந்தால் மட்டக்களப்புக்குக் கிடைப்பவை ஏறத்தாழ மூன்று இடங்கள். பல்கலைக்கழக அமைப்பு முழுவதற்கும் அது பொருட்டல்ல. ஆனால் கிரானிலோ வாகரையிலோ ஓர் உடற்கல்வி ஆசிரியர் மாணவரிடம், "விளையாடு, படிப்பும் கெடாது, வழி இருக்கிறது" என்று சொல்வதற்கு அந்த மூன்று இடங்கள் போதும்.

3. கிரானின் நிலமும் மைதானமும்

மட்டக்களப்பிலிருந்து வடக்கே செல்லும் வீதியில் செங்கலடி, வந்தாறுமூலை, சித்தாண்டி, சந்திவெளி ஆகிய ஊர்களைத் தாண்டி வருவது கிரான். வீதியோரத்துக் கிரானும், வாவியின் நீர்ப்பரப்புக்கும் வயல்வெளிக்கும் அப்பாலுள்ள புலிபாய்ந்தகல், கோராவெளி, முறுத்தானை, குடும்பிமலைப் பகுதிகளும் ஒரே பிரதேச செயலகத்துக்குள் அடங்கினாலும், அவற்றின் வாழ்க்கை ஒன்றல்ல. வடகீழ்ப் பருவமழை கனத்தால் கிரான் பாலத்தை அடுத்த வீதி வெள்ளத்தில் மூழ்கும். அப்போது அக்கரைக்குப் போக்குவரத்து படகிலும் உழவு இயந்திரத்திலும்தான். 2006, 2007 ஆண்டுகளின் யுத்தத்தில் இப்பகுதிகள் இடப்பெயர்வைக் கண்டன. பாடசாலைகள் மீண்டும் திறக்கப்பட்டபின் முதலில் கட்டியெழுப்பப்பட்டவை வகுப்பறைகளே. மைதானங்களின் முறை கடைசியில்தான் வந்தது.

இந்த நிலத்தில் செலவின்றி ஆடக்கூடிய விளையாட்டு எல்லே. அடிப்பவருக்கு மூன்று வாய்ப்புகள். மூங்கில் தடியால் டென்னிஸ் பந்தை அடித்துவிட்டு, இடையிலுள்ள தரிப்பிடங்கள் வழியாக ஒரு சுற்றை ஓடி முடிக்க வேண்டும். அடித்த பந்து நிலத்தில் படாமல் பிடிபட்டாலும், ஓடும்போது எறிந்த பந்து உடலில் பட்டாலும் ஆட்டமிழப்பு. கையுறை, தலைக்கவசம், வெட்டிச் சீர்செய்த புல்தரை எதுவும் வேண்டியதில்லை. அறுவடை முடிந்த வயலே போதும்.

செலவு குறைந்த இந்த ஆட்டத்திலேயே அனுமதி விதியின் குறை தெளிவாகத் தெரிகிறது. பந்தைப் பொறுக்கிய அதே அசைவில் திரும்பி, இருபது யார் தொலைவில் ஓடிக்கொண்டிருப்பவரின் முதுகில் படும்படி எறியும் ஒரு மாணவியை எண்ணிப் பாருங்கள். அவளுடைய கையால்தான் அணி வெல்கிறது. புள்ளித்தாளில் ஏறுவதோ அடித்து ஓடி முடித்த சுற்றுகள் மட்டுமே. அவள் தடுத்த சுற்றுகள் ஏறுவதில்லை. அணி மாகாண மட்டத்தில் தோற்றால் அவளுடைய சான்றிதழும் அங்கேயே நின்றுவிடும். தனிநபர் போட்டிகளில் ஒரு மாணவர் தன் கால்களை நம்பித் தேசிய மட்டம் வரை செல்ல முடியும். குழு விளையாட்டில் அவர் தன் பாடசாலையின் வசதியையும் சேர்த்தே சுமந்துகொண்டு போகிறார். கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் என்ற ஒவ்வொரு படியிலும் ஓர் அணி முழுவதற்கும் பேருந்து, உணவு, தங்குமிடம், சீருடை தேவை. பெண் பிள்ளைகளாயின் உடன்செல்ல ஓர் ஆசிரியையும் தேவை. அந்தச் செலவைப் பழைய மாணவர் சங்கம் ஏற்கும் பாடசாலைக்கும், பெற்றோரின் நெற்கூலியிலிருந்து திரட்டும் பாடசாலைக்கும் தேசியச் சான்றிதழின் விலை ஒன்றல்ல.

4. வெளியுலகம் கற்பிப்பது

கல்வித்தரத்தில் கண்டிப்பான அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் விளையாட்டு வீரரைத் தெரிவுசெய்யும் முறையில் எமக்குப் பாடமும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு. ஐவி லீக் எனப்படும் எட்டுப் பல்கலைக்கழகங்கள் விளையாட்டுக்கெனப் புலமைப்பரிசில் வழங்குவதில்லை. மாறாக, பயிற்றுநர் தாம் விரும்பும் மாணவரின் பெயரை அனுமதி அலுவலகத்துக்குப் பரிந்துரைக்கிறார். அதற்கு முன், பாடசாலைக் கல்வியின் இறுதி ஆண்டு தொடங்கும் வேளையிலேயே மாணவரின் புள்ளிகளை அவ்வலுவலகம் பார்த்து, அவர் தகுதி பெறக்கூடியவரா என்று முன்கூட்டியே குறிப்புணர்த்தும் வழக்கம் உண்டு. இதுவே பாடம். தன் படிப்பு எந்த அளவில் நிற்க வேண்டும் என்பதை மாணவி காலத்தோடு அறிந்துகொள்கிறாள். எமது மாணவருக்கோ பெறுபேறு வந்தபின்னரே எல்லாம் தெரியவருகிறது.

எச்சரிக்கை இதைவிடப் பெரிது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் அனுமதி முறைக்கு எதிரான வழக்கு 2018இல் விசாரிக்கப்பட்டபோது, பயிற்றுநரால் நாடப்பட்ட விண்ணப்பதாரரில் ஏறத்தாழ 86 விழுக்காட்டினர் அனுமதி பெற்றது வெளிவந்தது. ஏனையோரில் அந்த விகிதம் ஏறத்தாழ 6 மட்டுமே. படகோட்டம், ஸ்குவாஷ் போன்ற செல்வர் விளையாட்டுகளும் அந்தச் சலுகைக்குள் அடக்கம். 2019இல் அம்பலமான மோசடியில், ஒருபோதும் விளையாடாத பிள்ளைகளை வீரர்களாகக் காட்டச் சில பயிற்றுநர்கள் பணம் பெற்றிருந்தனர். யேல், ஸ்ரான்போர்ட் பெயர்களும் அதில் அடிபட்டன. ஆரம்ப வசதியைக் கணக்கில் எடுக்காத விளையாட்டு அனுமதி வசதியுள்ளோருக்கே இன்னொரு கதவாகிவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

5. இரண்டு மறுப்புகள்

"தரம் தாழ்ந்துவிடும்" என்பது முதல் மறுப்பு. பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கக் குறைந்தபட்சத் தகுதி உயர்தரத்தில் மூன்று பாடச் சித்தியும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளியும் ஆகும். இக்கட்டுரை அதில் ஒரு புள்ளியையும் குறைக்கக் கேட்கவில்லை. மாவட்ட ஒதுக்கீட்டின்வழி வந்தவர்கள் அரை நூற்றாண்டாக மருத்துவராகவும் பொறியியலாளராகவும் பணியாற்றிவருகிறார்கள். அவர்கள் விடயத்தில் ஏற்றுக்கொண்ட நியாயத்தை ஒரு விளையாட்டு வீராங்கனைக்கு மறுப்பதற்குக் காரணம் காட்டுதல் எளிதன்று.

"தேசிய மட்டத்துக்குக் கீழே இறங்கினால் போலிச் சான்றிதழ் பெருகும்" என்பது இரண்டாவது. இது கவனத்துக்குரிய அச்சம்தான். ஆனால் அமெரிக்க மோசடி நிகழ்ந்தது, தனியொரு பயிற்றுநரின் சொல்லே போதுமென விட்ட இடத்தில். மாகாணப் பாடசாலை விளையாட்டு விழாவோ பல பாடசாலைகளும் நடுவர்களும் பார்க்க, கல்வித் திணைக்களம் நடத்தும் பொது நிகழ்வு. அதன் பெறுபேறுகளை ஆண்டுதோறும் பகிரங்கமாக வெளியிட்டால், ஒவ்வொரு போட்டிப் பாடசாலையும் அதற்குக் காவலாகும்.

6. முடிவு

மூன்று மாற்றங்கள் தேவை. ஒன்று, 0.5 விழுக்காட்டுச் சிறப்பு ஏற்பாட்டின் ஒரு பகுதியைப் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கென ஒதுக்கி, அவற்றுக்கு மாகாண மட்டச் சாதனையையும் தகுதியாக ஏற்க வேண்டும். இரண்டு, தனிநபர் போட்டிக்கும் குழுப் போட்டிக்கும் எந்த மட்டத்தில் எத்தனை புள்ளி என்ற அட்டவணையை அனுமதிக் கைநூலிலேயே அச்சிட வேண்டும். மூன்று, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் உடற்கல்விப் பிரிவு கல்குடா வலயப் பாடசாலைகளின் உயர்தர முதலாண்டு மாணவரைச் சந்தித்து, எவ்வித வாக்குறுதியும் தராமல், வழியை மட்டும் எடுத்துச் சொல்ல வேண்டும். 1981இல் வந்தாறுமூலையில் ஒரு பாடசாலை வளாகத்தில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் பல்கலைக்கழகமான நிறுவனம் அது. கிரானுக்கும் அதற்கும் சில கிலோமீற்றரே தூரம்.

மூன்றாவது மாற்றத்துக்குச் சட்டமோ சுற்றறிக்கையோ தேவையில்லை. அதை அடுத்த தவணையிலேயே தொடங்கலாம். முதல் இரண்டும் மானியங்கள் ஆணைக்குழுவின் கையில் உள்ளவை. கிழக்கின் கல்வியாளரும் உடற்கல்வி ஆசிரியர்களும் அடுத்த அனுமதிக் கைநூல் அச்சேறுமுன் அவற்றை எழுத்தில் கோர வேண்டும்.