காடியும் கண்ணாடித் தகடும்

புதுச்சேரி கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவமனையை அறியாத மாணவர் இவ்வூரில் இரார். பிரெஞ்சுக்காரர் 19-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த அந்நிலையம், 1964-இல் இன்றைய பெயரைப் பெற்றது. கடலூர், விழுப்புரம் வட்டாரங்களிலிருந்தும் நோயாளிகள் அங்கே வருகின்றனர். அவர்களுள் கருப்பை வாய்ப் புற்றுநோய் முற்றிய பிறகே வந்து சேரும் பெண்கள் உண்டு. இந்நோயைத் தொடக்கத்திலேயே காண மனிதர் கற்றுக்கொண்ட வரலாற்றையே இன்று சொல்லப் புகுகிறேன்.

இது திடீரென வரும் நோயன்று. உயிரணுக்கள் மாறத் தொடங்கிப் புற்றாக முதிர்வதற்குப் பெரும்பாலும் பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் ஆகும். அக்காலமெல்லாம் வலி இராது. மாதவிடாய் நின்றபின் உதிரப் போக்கு முதலிய குறிகள் தோன்றும்போது நோய் பெரும்பாலும் வேரூன்றியிருக்கும். ஆகவே நலமாயிருக்கும்போதே சோதிக்க வேண்டியிருக்கிறது; நம் வீடுகளில் இதை ஏற்கச் செய்வதுதான் அரிது.

1842-இல் ரிகோனி ஸ்டெர்ன் என்னும் இத்தாலிய மருத்துவர் வெரோனா நகரத்து மரணப் பதிவேடுகளைப் புரட்டினார். கன்னியாஸ்திரீகளிடையே கருப்பைப் புற்று மிக அரிதாயிருக்கக் கண்டார். அதன் காரணம் விளங்க ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. ஹரால்ட் சூர் ஹௌசன் என்ற ஜெர்மானியர் 1983-இல் இப்புற்றுத் திசுவில் பாப்பிலோமா வைரஸ் வகையொன்றைக் கண்டறிந்தார். 2008-இல் நோபல் பரிசு பெற்றார். மணவாழ்வு காணும் ஆண் பெண் இருபாலாரில் மிகப் பெரும்பாலோரை இவ்வைரஸ் ஒரு முறையேனும் தொற்றுகிறது. பலரிடம் தானே மறைகிறது. ஆதலால் நோயுற்றவளின் ஒழுக்கத்தை ஐயுறுவது வெறும் அறியாமை.

காரணம் தெரியுமுன்பே சோதனை பிறந்துவிட்டது. கிரேக்கத்தில் பிறந்து நியூயார்க்கில் உழைத்த பாப்பனிகோலாவ், கருப்பை வாயிலிருந்து உதிரும் அணுக்களைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றி நுண்ணோக்கியால் பார்த்தார். 1928-இல் அவர் சொன்னதை உலகம் பொருட்படுத்தவில்லை. டிராட் என்பாருடன் 1943-இல் எழுதிய நூலுக்குப் பின்னரே கவனித்தது. முறையாகச் செய்த செல்வ நாடுகளில் மரணங்கள் பெரிதும் குறைந்தன. ஆனால் தகட்டைப் படிக்கத் தேர்ந்த கண்கள் வேண்டும். முடிவைக் கேட்க அப்பெண் மறுபடி வர வேண்டும். நாட்கூலியை இழந்து இருமுறை வருபவர் எத்தனை பேர்?

இங்குதான் காடி உதவிற்று. அதைக் குறிக்கும் வினிகர் என்ற சொல், புளித்த மது என்னும் பொருளில் பிரெஞ்சு மொழியிலிருந்து பிறந்தது. புதுவையார்க்கு அது அந்நியமன்று. காடியிலுள்ள அசெட்டிக் அமிலத்தை நீர்த்த நிலையில் தடவினால், மாறிய திசு ஒரு நிமிடத்தில் வெளுக்கும். பயிற்சி பெற்ற செவிலி வெறுங்கண்ணாலேயே காணலாம்.

இம்முறை உயிர் காக்குமா என்பது நம் அண்டை மாநிலமான தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டச் சிற்றூர்களில் 2000 முதல் சோதிக்கப்பட்டது. டாக்டர் சங்கரநாராயணன் குழுவினர் 30 முதல் 59 வயது வரையுள்ள 49,311 பெண்களைச் சோதனைக்கு அழைத்தனர். 30,958 பேர் ஒப்பீட்டுக்காக வழக்கமான மருத்துவத்திலேயே இருந்தனர். வெளுப்புக் கண்ட இடத்தைச் செவிலியர் தக்கபோது அதே வருகையிலேயே குளிரால் உறையவைத்து அழித்தனர். 2007-இல் முடிவு வெளிவந்தது: அழைக்கப்பட்ட ஊர்களில் இந்நோயால் நேர்ந்த மரணம் 35 விழுக்காடு குறைவு.

என்னை அதனினும் சிந்திக்க வைத்த எண் ஒன்றுண்டு. அழைக்கப்பட்டவர்களுள் வந்தோர் 31,343 பேரே. ஏறத்தாழ 18,000 பேர் வரவில்லை. உடம்பில் நோவில்லாதபோது ஏன் போவது என்ற எண்ணம், நாணம், வயல் வேலை ஆகியவை இத்தகைய சோதனைகளில் எங்கும் குறுக்கிடுகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வைரஸையே தேடும் சோதனையை முதன்மையாகப் பரிந்துரைத்தது. அதற்குரிய மாதிரியை ஒரு பெண் பிறர் பாராமல் தானே எடுத்துக் கொடுக்கலாம்.