வண்டிக்குள் ஒரு ராத்திரி: காவேரிப்பாக்கம் சாலையில் தூக்கத்தின் வரலாறு

சென்னையிலிருந்து பெங்களூருக்கு ராத்திரியில் கார் ஓட்டிப் போனவர்களுக்கு இது பழக்கமான காட்சிதான். ஓச்சேரி தாண்டி காவேரிப்பாக்கம் நெருங்கும்போது சாலையோரத்தில் லாரிகள் வரிசையாக நிற்கும். விளக்கு எரியாது. டிரைவர் உள்ளே காலை நீட்டிப் படுத்திருப்பார். மார்கழியிலும் தையிலும் கண்ணாடி முழுக்க உள்பக்கமாக ஆவி படிந்து வெளுத்துப்போயிருக்கும். அதைப் பார்த்தாலே உள்ளே ஆள் தூங்குகிறார் என்று தெரிந்துவிடும்.

இந்தத் தூக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கு. போர், கோயில், ஏரி பற்றியெல்லாம் நிறைய எழுதியாகிவிட்டது. ஆனால் இந்தச் சாலையில் போனவர்கள் ராத்திரி எங்கே, எப்படித் தூங்கினார்கள் என்று தேடினால் தகவல்கள் துண்டு துண்டாகத்தான் கிடைக்கின்றன. அவற்றைக் கோத்துப் பார்க்கலாம்.

ஊர்ப் பெயரிலேயே இருக்கும் தூக்கம்

முதலில் சாலையின் வரைபடத்தைப் பாருங்கள். பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், பாலுசெட்டிசத்திரம், தாமல், ஓச்சேரி, காவேரிப்பாக்கம், வாலாஜாபேட்டை. இதில் இரண்டு ஊர்களின் பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. ஒரு தர்மவான் கட்டிவைத்த சத்திரம், அதைச் சுற்றி நாலு கடை, தண்ணீருக்கு ஒரு குளம், கடைசியில் அதுவே ஊர். காவேரிப்பாக்கம் வட்டாரத்தில் சுமைதாங்கி என்றே ஒரு ஊர் உண்டு. தலைச்சுமையோடு நடந்து வருகிறவர், இன்னொருவர் துணையில்லாமல் சுமையை இறக்கி வைத்துத் திரும்ப ஏற்றிக்கொள்ளத் தோள் உயரத்தில் நிறுத்திய கல்தான் சுமைதாங்கி.

பாரம் ஏற்றிய மாட்டு வண்டி மணிக்கு 3 கிலோமீட்டர், மிஞ்சினால் 4 கிலோமீட்டர் போகும். ஒரு நாளில் 20, 25 கிலோமீட்டர் என்றால் அது நல்ல ஓட்டம். சென்னையிலிருந்து காவேரிப்பாக்கம் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். அதாவது இன்று இரண்டு மணி நேரத்தில் வந்துவிடும் இடத்துக்கு அன்று வண்டிக்காரருக்கு நாலு ராத்திரி பிடித்தது. சத்திரங்களின் இடைவெளியை மாட்டின் கால்தான் தீர்மானித்தது. இன்று பெட்ரோல் பங்க்கின் இடைவெளியை டேங்க் தீர்மானிப்பது போல.

எல்லோருக்கும் சத்திரம் திறந்திருந்ததா என்றால், இல்லை. பல சத்திரங்களில் சாதி பார்த்துத்தான் சாப்பாடும் இடமும். பிராமணர்களுக்கு மட்டும் சமைத்துப்போட்ட சத்திரங்கள் உண்டு. மற்றவர்களுக்குத் திண்ணை, அதுவும் இல்லாதவர்களுக்கு மரத்தடி. இது தோல் தொழில் நடக்கும் வட்டாரம். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று வரிசையாகப் பதனிடும் ஊர்கள். தோல் மூட்டை ஏற்றிய வண்டி ஒரு சத்திரத்து வாசலில் நின்று இடம் கேட்டிருக்க முடியுமா? அந்த வண்டிக்காரருக்குத் தன் வண்டியேதான் சத்திரம். மாட்டை அவிழ்த்து நுகத்தடியைத் தரையில் சாய்த்து, அச்சுக்குக் கீழே வைக்கோலைப் பரப்பி, கோணியைப் போர்த்திப் படுத்துவிட வேண்டியதுதான்.

தூங்காமல் வந்த ஒரு படை

காவேரிப்பாக்கம் உலக வரலாற்றில் எட்டிப்பார்ப்பது 1752 பிப்ரவரியில். ஆற்காட்டு முற்றுகையைத் தாங்கி நின்ற ராபர்ட் கிளைவ், ராஜா சாகிபின் படையைத் துரத்திக்கொண்டு இதே சாலையில் வந்தார். காஞ்சிபுரத்தில் சில மணி நேரம் மட்டும் ஓய்வு. உடனே மறுபடி நடை. பொழுது சாயும் நேரத்தில் காவேரிப்பாக்கத்தை நெருங்கியபோது, மாந்தோப்புக்குள் மறைத்து வைத்திருந்த பிரெஞ்சு பீரங்கிகள் வெடித்தன. நிலா வெளிச்சத்தில் பல மணி நேரம் சண்டை நடந்தது. கடைசியில் கிளைவ் ஒரு பிரிவைச் சுற்றிவளைத்து அனுப்பித் தோப்பின் பின்பக்கமாகத் தாக்கி பீரங்கிகளைப் பிடித்தார்.

பாடப்புத்தகத்தில் இதைக் கிளைவின் சாமர்த்தியம் என்று படித்திருப்போம். எனக்குக் கண்ணில் படுவது வேறு. களைத்துப்போன, சரியாகத் தூங்காத ஒரு படை, முன்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் இருட்டில் நேராக நடந்து வந்து மாட்டிக்கொண்டது. இந்தச் சாலையில் விடியற்காலை விபத்துகளும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான் நடக்கின்றன.

ஸ்டேஷன் வாசலில் நின்ற வண்டி

வெள்ளைக்காரர்கள் முதலில் பல்லக்கில் போனார்கள். பகல் வெயிலுக்குப் பயந்து ராத்திரியில்தான் பயணம். உள்ளே மெத்தை. படுத்தவர் தூங்க, சுமப்பவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டே மாறி மாறித் தோள் கொடுத்தார்கள். 1836 கடைசியில் சென்னைக்கு வந்து, நீதிபதியான கணவரோடு ராஜமுந்திரி போன ஜூலியா மெய்ட்லண்ட் எழுதிய கடிதங்களில் இந்தப் பல்லக்குப் பயணங்களைப் பார்க்கலாம்.

அதற்குப் பிறகு வந்தது 'டிரான்சிட்' என்ற மாட்டு வண்டி. பல்லக்கைத் தூக்கிச் சக்கரத்தின் மேல் வைத்தது போல ஒரு மரப்பெட்டி. ஸ்பிரிங் உண்டு. நீளவாக்கில் மெத்தை போட்டுக் காலை நீட்டிப் படுக்கலாம். வழியில் குறிப்பிட்ட இடங்களில் புது மாடுகள் தயாராக நிற்கும். பூட்டியதும் வண்டி கிளம்பிவிடும். மணிக்கு மூன்று, நான்கு மைல் வேகம். ஆனால் மாடு மாறிக்கொண்டே இருப்பதால் ராத்திரி முழுக்க ஓடும். தூங்கி எழுந்தால் இருபது, முப்பது மைல் கடந்திருக்கும்.

1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. தண்டவாளம் அரக்கோணம் வழியாகப் போனது. காவேரிப்பாக்கம் வழியாகப் போன பெரிய சாலையைத் தொடவில்லை. 1864-ல்தான் பெங்களூர் கண்டோன்மென்ட் வரைக்கும் ரயில் வந்தது. நடுவில் இருந்த எட்டு வருஷம், தண்டவாளம் எங்கே முடிகிறதோ அங்கே இறங்கி, மீதி தூரத்துக்கு மாட்டு வண்டிதான் பிடிக்க வேண்டும்.

இங்கே ஒரு சுவாரசியம். பின்பக்கம் நீளமாக, சீட்டை மடக்கினால் ஆள் படுக்கிற மாதிரி இருக்கும் காருக்கு அமெரிக்காவில் ஸ்டேஷன் வேகன் என்று ஏன் பெயர் வந்தது? ரயில்வே ஸ்டேஷன் வாசலில் நின்று பயணிகளையும் பெட்டிகளையும் ஏற்றிப்போன வண்டி என்பதால். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்த பெயர் அது. 1935-ல் செவ்ரோலே சபர்பன் வந்தது. பிறகு அமெரிக்கக் குடும்பங்கள் பின்பக்கத்தில் மெத்தையை விரித்து, பனிக்காலத்திலும் மாநிலம் மாநிலமாகச் சுற்றும் பழக்கம் வந்தது. அந்த அர்த்தத்தில் பார்த்தால், ரயில் முடியும் இடத்தில் ஆளையும் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு, மெத்தையோடு கிளம்பிய மாட்டு வண்டிதான் நம்ம ஊர் ஸ்டேஷன் வேகன். அரை நூற்றாண்டு சீனியர்!

ஸ்டேஷன் வேகன் கார் நம்ம ஊரிலும் வந்தது. அம்பாசிடரிலேயே எஸ்டேட் என்று ஒரு மாடல் இருந்தது. 1992-ல் டாடா எஸ்டேட், பிறகு மாருதி பலேனோ ஆல்டுரா, டாடா இண்டிகோ மெரினா. எதுவும் பெரிதாக விற்கவில்லை. நாம் அந்த இடத்தில் ஆளைத்தான் உட்கார வைத்தோம், படுக்க வைக்கவில்லை.

ரயில் வந்ததும் இன்னொன்றும் நடந்தது. ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா பெயரில் அமைந்த வாலாஜாபேட்டை, அந்தக் காலத்தில் பெரிய வியாபார ஊர். ரயில் நிலையம் ஊருக்கு வெளியே தள்ளி அமைந்தது. சரக்கு ரயிலில் ஏறிக்கொண்டு ஊரைத் தொடாமலே போக ஆரம்பித்தது. வண்டிகள் தங்குவது குறைந்தது, வியாபாரமும் தேய்ந்தது. ராத்திரி தங்குகிறவர்களை நம்பிப் பிழைத்த ஊர்களுக்கெல்லாம் இதே கதைதான்.

மாடு தெரிந்து வைத்திருந்தது

மாட்டு வண்டிக் காலத்தில் நாம் தொலைத்துவிட்ட ஒரு பெரிய வசதி இருந்தது. வண்டிக்காரர் தூங்கலாம்!

சரக்கு வண்டிகள் பத்து, இருபது சேர்ந்து வரிசையாகத்தான் போகும். வண்டிக்கு அடியில் ஒரு அரிக்கேன் விளக்கு ஆடிக்கொண்டிருக்கும். முதல் வண்டிக்காரர் விழித்திருந்தால் போதும். பின்னால் வருகிற மாடுகள் முன் வண்டியைப் பார்த்துத் தானாக நடக்கும். பள்ளம் வந்தால் மாடு ஒதுங்கும், எதிரே ஏதாவது வந்தால் நிற்கும். என் தொழில் மென்பொருள் என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இன்று தானியங்கிக் கார் கம்பெனிகள் கோடிக்கணக்கில் கொட்டித் தேடுவது ஒரு ஜோடி காளைக்குத் தெரிந்த விஷயத்தை.

மோட்டார் வந்தபோது வேகம் வந்தது, இந்த வசதி போனது. லாரிக்கு வழி தெரியாது. மணிக்கு 80 கிலோமீட்டரில் ஓடும் வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் கடக்கிறது. டிரைவர் மூன்று விநாடி கண் அசந்தால் 66 மீட்டர், யாருமே ஓட்டாமல் வண்டி ஓடியிருக்கும். அதே மூன்று விநாடியில் மாட்டு வண்டி ஏறக்குறைய மூன்று மீட்டர்தான் நகரும்.

ஆராய்ச்சிகள் சொல்லும் கணக்கும் பயமுறுத்துகிறது. 1997-ல் ஆஸ்திரேலியாவில் செய்த ஒரு புகழ்பெற்ற ஆய்வு, 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என்று கண்டது. நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். காலை 6 மணிக்கு எழுந்து ஆபீஸ் போய்விட்டு, வெள்ளிக்கிழமை ராத்திரி 11 மணிக்கு காவேரிப்பாக்கத்தைக் கடக்கிற ஐ.டி. ஊழியர், ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமலே அந்த வரம்பைத் தாண்டிய நிலையில் ஓட்டுகிறார். ஊதச் சொல்லும் கருவியில் தூக்கம் தெரியாது.

சட்டம் உண்டு, சத்திரம் எங்கே?

2025 வரை நடப்பில் இருந்த 1961-ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், பொதுவாக ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை என்றது. தொலைதூர வண்டிகளுக்குக் கொஞ்சம் தளர்வு இருந்தது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டக் கூடாது, நடுவில் அரை மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்றும் அது சொன்னது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 91-ஆம் பிரிவும் இதே கணக்கைத்தான் காட்டுகிறது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம்.

எல்லாம் நல்ல விஷயம்தான். ஆனால் அந்த டிரைவர் லாரியை எங்கே நிறுத்துவார்? சென்னைத் துறைமுகத்துக்கு ஷூ கன்டெய்னர் ஏற்றிப் போகும் லாரி நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். வாடகை ட்ரிப் கணக்கு, தூக்கத்துக்குக் காசு கிடையாது. தூக்கம் தாங்க முடியாமல் சாலையோரமே ஒதுங்குகிறார். சிலர் லாரிக்கு அடியில் தூளி கட்டிப் படுக்கிறார்கள். அச்சுக்கு அடியில் வைக்கோல் பரப்பியவரின் அதே இடம், பாருங்கள். பின்னால் தூக்கக் கலக்கத்தில் வரும் இன்னொரு வண்டி, நின்றுகொண்டிருக்கும் இந்த லாரியில் மோதுகிறது. தூங்கியவரும் போகிறார், தூங்காதவரும் போகிறார். பேப்பரில் நாலு வரிச் செய்தி.

குளிர் காலத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நம்ம மார்கழி அமெரிக்கப் பனிக்காலம் இல்லை. விடியற்காலையில் 18 டிகிரி பக்கம்தான் இருக்கும், ஒரு போர்வை போதும். ஆனாலும் கண்ணாடியை முழுக்க ஏற்றி, இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள். புகைக்குழாயில் ஓட்டை இருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்திய கேரவனுக்குள் தூங்கிய இரண்டு பேர் இறந்தார்கள். ஜெனரேட்டர் புகை உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று ஆய்வில் தெரிந்தது.

அதனால் ராத்திரி ஓட்டுகிறவர்கள் சிலவற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை 2 மணியிலிருந்து 5 மணி வரை உடம்பு தூக்கம் கேட்கும் நேரம், அதில் ஓட்டாமல் இருப்பது உத்தமம். கண் சொக்கினால் டீ மட்டும் போதாது, இருபது நிமிஷம் தூங்குங்கள். வண்டியைச் சாலையோரத்தில் நிறுத்தாமல் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள பங்க்கிலோ ஹோட்டலிலோ நிறுத்துங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு, கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவிடுங்கள்.

இது தனி மனிதர்கள் செய்யக்கூடியது. சாலை செய்ய வேண்டியது வேறு. இந்த ரோடு நாலாம் நம்பர் நெடுஞ்சாலையாக இருந்தது, இன்று 48-ஆம் நம்பர். இருவழி நான்கு வழியானது. ஒவ்வொரு முறையும் வேகத்துக்காகத்தான் அகலமானது. பாலு செட்டி பெயரில் சத்திரம் வைத்தவர்களிடம் இன்ஜினியரிங் டிகிரி கிடையாது. ஆனால் சாலை என்று ஒன்று இருந்தால் அதில் போகிறவன் ராத்திரி எங்காவது படுக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. டோல் கேட்டில் பணம் கட்டுகிற லாரிக்கு, அந்தக் கட்டணத்துக்குள்ளேயே எட்டு மணி நேரம் நிறுத்த ஒரு இடம், ஒரு கழிப்பறை, ஒரு குழாய்த் தண்ணீர், ஒரு காவல்காரர். சாதி பார்க்காத சத்திரமாக அது இருக்கலாம். 20, 25 கிலோமீட்டருக்கு ஒன்று வேண்டாம். நூறு கிலோமீட்டருக்கு ஒன்று, அதாவது காவேரிப்பாக்கத்தில் ஒன்று இருந்தால்கூட ஒரு நல்ல தொடக்கம்தான்.