வின், வெற்றி, வாகை

பேரப்பிள்ளைகள் கேரம் ஆடினாலும் செல்போனில் ஆடினாலும் "நான் வின், நீ லாஸ்" என்றுதான் சொல்கிறார்கள். நாம் அந்த வயதில் "ஜெயிச்சுட்டேன்" என்று கத்தினோம். அந்த ஜெயமும் வடமொழியிலிருந்து வந்ததுதான். அதனால் அவர்களைக் குறை சொல்ல நமக்கு வழியில்லை. ஆனால் இந்தச் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பழைய கதை உண்டு.

'வின்' என்பது பழைய ஆங்கிலத்தில் 'வின்னன்' என்று இருந்தது. பாடுபடுவது, போராடுவது என்று பொருள். பாடுபட்டு ஒன்றைப் பெறுவது என்ற பொருளும், போட்டியில் ஜெயிப்பது என்ற பொருளும் அதிலிருந்து வளர்ந்தவை. குடும்பத்துக்குச் சம்பாதித்துப் போடுகிறவரை 'பிரெட் வின்னர்' என்கிறார்கள் அல்லவா? அவர் யாரையும் தோற்கடிக்கவில்லை. உழைத்துச் சோறு கொண்டுவருகிறார், அவ்வளவுதான்.

நம் தமிழில் 'வெல்' என்ற வினையிலிருந்து வென்றியும் வெற்றியும் பிறந்தன. போரில் வென்றவர் வாகைப் பூவைச் சூடினர். காற்றடித்தால் காய்ந்த நெற்றுகள் கலகலக்குமே, அந்த மரம்தான். தேர்தல் முடிவு வந்ததும் "வாகை சூடினார்" என்று பத்திரிகைகள் இன்றும் எழுதுகின்றன. தொல்காப்பியத்தில் வாகைத்திணையைப் படித்தால் ஓர் ஆச்சரியம். அதில் அரசருக்கு மட்டும் இடமில்லை. தவம் செய்பவருக்கும் இடமுண்டு. உழவரின் நெற்களமும் அதில் வருகிறது. அவரவர் இயல்பான திறமையில் குற்றமில்லாமல் சிறந்து நிற்பதே வாகை.

வடமொழி 'விஜயம்' வெற்றியைக் குறிப்பது. தமிழுக்கு வந்தபின் "அமைச்சர் நம் ஊருக்கு விஜயம் செய்தார்" என்று வெறும் வருகையாகிவிட்டது!

போரில் ஆயிரம் யானைகளைக் கொன்று வென்றவனைப் பாடுவது பரணி. ஆனால் அந்த நூலுக்குத் தோற்றவர் பெயரை வைப்பதே மரபு. முதற் குலோத்துங்கனின் படைத்தலைவர் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்றார். செயங்கொண்டார் பாடியதோ கலிங்கத்துப்பரணி.

நம் பக்கத்திலும் அப்படி ஒரு கணக்கு உண்டு. 1755-இல் கர்னல் ஹெரான் பீரங்கிகளோடு நெற்கட்டான்செவலுக்கு வந்து, 20,000 ரூபாய் கப்பம் கேட்டார். பூலித்தேவர் தர மறுத்தார். கோட்டையை உடைக்க முடியாமல் ஹெரான் திரும்பிப் போனார். பிறகு 1761-இல் யூசுப்கான் அந்தக் கோட்டையைப் பிடித்தார். 1767-இல் கர்னல் கேம்பெல் வாசுதேவநல்லூர்க் கோட்டையையும் பிடித்தார். பிடிபட்ட பூலித்தேவர், சாமி கும்பிட வேண்டும் என்று கேட்டு நம் சங்கரநாராயணர் கோயிலுக்குள் போனவர் திரும்பவில்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். போர்க்கணக்குப்படி வின் பண்ணியது கும்பெனிதான். ஆனால் செப்டம்பர் 1-ஆம் தேதி நெற்கட்டான்செவலில் மாலை விழுவது யாருக்கு? ஹெரானையும் கேம்பெலையும் இங்கே யார் நினைக்கிறார்கள்?

இதைவிடப் பெரிய பாடம் நம் கோயில் தலபுராணத்திலேயே இருக்கிறது. சங்கன், பதுமன் என்று இரண்டு நாகராஜாக்கள். சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று அவர்களுக்குள் வழக்கு. தீர்ப்புக்காகத் தவமிருந்தாள் கோமதி அம்மன். சுவாமி வந்தார், வலப்பக்கம் சிவனாகவும் இடப்பக்கம் திருமாலாகவும். வழக்கில் யார் வின், யார் லாஸ்? இருவருமே தொழுதுவிட்டுப் போனார்கள். அந்தக் காட்சியைப் பார்க்கத்தான் வருஷா வருஷம் ஆடித்தபசுக்கு இவ்வளவு ஜனம் கூடுகிறது. பேரப்பிள்ளைகள் கேரம் போர்டில் சண்டை போட்டால் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள்.