சோப்ரோன் நகரின் தீக்காவல் கோபுரம்

ஹங்கேரியின் மேற்கு எல்லையில், ஆஸ்திரியாவை ஒட்டி இருக்கிறது சோப்ரோன். ரோமானியர் காலத்தில் இதன் பெயர் ஸ்கார்பான்டியா. பால்டிக் கடற்கரையிலிருந்து இத்தாலிக்கு அம்பர் போன வணிகப் பாதை இதன் வழியாகவே சென்றது. ரோமானிய மதில் சிதைந்த பிறகு, 11-ஆம் நூற்றாண்டில் ஹங்கேரிய அரசர்கள் அதையொட்டி மரச்சட்டங்களும் மண்ணும் கொண்டு கோட்டை அரண் எழுப்பினார்கள். அந்த அரண் தீயில் வெந்து செந்நிறமானது. அதன் எச்சம் இன்றும் இருக்கிறது. 1277-இல் அரசர் நான்காம் லாஸ்லோ கோட்டையூருக்கு நகர உரிமைகள் வழங்கினார்.

பழைய வடக்கு வாயிலின் மேல் நிற்பதுதான் தீக்காவல் கோபுரம். உயரம் சுமார் 58 மீட்டர். அடிப்பகுதி சதுரம், அதன் மேல் உருளை வடிவ உடல், சுற்றிலும் வளைவுத் தூண்கள் கொண்ட நடைமாடம், உச்சியில் பரோக் பாணிக் கவிகை.

காவலர்கள் அந்த மாடத்திலிருந்து இரவும் பகலும் ஊரைச் சுற்றிப் பார்த்தபடி இருந்தார்கள். மதிலுக்குள் வீடுகள் நெருங்கி நின்றதால், ஒரு கூரையில் பிடித்த தீ தெரு முழுவதும் பரவ அதிக நேரம் ஆகாது. புகை கண்டதும் எச்சரிக்கை ஒலிக்கும். ஆனால் ஒலி மட்டும் கேட்டால் எந்தப் பக்கம் ஓடுவது? அதற்காகத் தீ எரியும் திசையில் பகலில் செங்கொடியும் இரவில் லாந்தரும் காட்டினார்கள். எளிய ஏற்பாடுதான், கீழே நிற்பவருக்குத் தேவையான செய்தி முழுவதும் அதில் இருந்தது. ஊரை நோக்கி வருபவர்களை அறிவிப்பதும் இவர்கள் வேலை. கோபுர இசைஞர்களும் இங்கிருந்தே எக்காளம் ஊதினார்கள்.

எவ்வளவு விழிப்பான காவலும் தீயைக் காணத்தான் முடியும், அணைக்க முடியாது. 1676-இல் மூண்ட பெருந்தீ நகரின் பெரும்பகுதியை அழித்தது; கோபுரமும் தப்பவில்லை. அதற்குப் பிறகு எழுந்த வீடுகளே பழைய நகருக்கு இன்றைய பரோக் தோற்றத்தைத் தந்தன. கோபுரத்தின் கவிகையும் அப்போது கட்டியதே.

1890-களில் இன்னோர் ஆபத்து வந்தது. பக்கத்திலிருந்த பழைய நகர மன்றத்தை இடித்தபோது கோபுரத்தின் அடித்தளம் தளர்ந்தது. அதை வலுப்படுத்திக் காப்பாற்றினார்கள்.

முதல் உலகப் போருக்குப் பின் இந்த வட்டாரம் ஆஸ்திரியாவுக்கு ஒதுக்கப்பட்டது. 1921 டிசம்பரில் நடந்த வாக்கெடுப்பில் சோப்ரோனிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் சுமார் 65 சதவீதத்தினர் ஹங்கேரியுடன் இருக்கவே வாக்களித்தனர். அதன் நினைவாக 1928-இல் கோபுரத்தின் அடியில் ‘விசுவாச வாயில்’ அமைக்கப்பட்டது. அதன் சிற்பத்தைச் செய்தவர் கிஷ்ஃபாலுடி ஷ்ட்ரோபல். இப்போது பார்வையாளர்கள் சுமார் 200 படிகள் ஏறி, காவலர்கள் நின்ற அதே மாடத்துக்குச் செல்லலாம்.